பேய்க்கதை கேள்வி பதில்: ஃபிளாஷ்பேக் வந்ததும் பயம் போய்விடுகிறதே, ஏன்?

பேய்க்கதை, பேய்ப்படம் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். சொன்னது தப்பு. வந்ததில் பாதி "பேய் இருக்கிறதா?", கால்வாசி "ரொம்பப் பயமான படம் எது?". மீதியிலிருந்து எடுத்துப் பேசுகிறேன். நடுவில் நாகர்கோவில் அண்ணாச்சி ஒருவர் மல்லுக்கு நின்றார், அதிலேயே பொழுது போய்விட்டது. விட்டுப்போனவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

கரூர்: பேய்க்கதை படித்ததே இல்லை. எதில் ஆரம்பிக்கலாம்?

புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'யில். ஓர் எழுத்தாளர் வீட்டு வாசலுக்கு ஒருத்தி பிச்சை கேட்டு வருகிறாள். மனைவி இரக்கப்பட்டு அவளை வேலைக்கு வைத்துக்கொள்கிறாள். நடுராத்திரியில் வீட்டுக்குள் ஏதோ வாசனை வருகிறது. இதற்கு மேல் சொல்லமாட்டேன். வந்தவள் யார் என்று கதை கடைசிவரை அடித்துச் சொல்லாது. அதனால்தான் படித்து முடித்த பிறகும் அவள் நம் வீட்டுச் சமையலறையில் நின்றுகொண்டிருக்கிறாள்.

அடுத்து டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸ் 1902ல் எழுதிய 'குரங்குப் பாதம்'. மூன்று வரம் தரும் ஒரு காய்ந்த குரங்குப் பாதம் வயதான தம்பதியிடம் வந்து சேர்கிறது. விளையாட்டாக 200 பவுண்டு கேட்கிறார்கள். மகன் ஆலை இயந்திரத்தில் சிக்கிச் சாகிறான். கம்பெனி தரும் பணம் சரியாக 200 பவுண்டு. அவன் செத்துப் பத்து நாள் ஆன பிறகு, மகன் திரும்பி வரவேண்டும் என்று இரண்டாவது வரம் கேட்க வைக்கிறாள் தாய். கொஞ்ச நேரத்தில் வாசல் கதவு தட்டப்படுகிறது. கதவுக்கு அந்தப் பக்கம் நிற்பது எப்படி இருக்கும் என்று ஜேக்கப்ஸ் நமக்குக் காட்டுவதே இல்லை. காட்டியிருந்தால் 120 வருஷமாக யாரும் இதைப் பேசிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

இந்த இரண்டையும் படித்துவிட்டு வாருங்கள். அப்புறம் பேசலாம்.

திருச்சி: உண்மையிலேயே பேய் இருக்கிறதா?

இல்லை. அடுத்தது.

சென்னை: ட்ராகுலா வெயில் பட்டால் எரிந்துவிடுவார் அல்லவா? நாவலில் பகலில் நடமாடுகிறாரே, ஆசிரியர் கவனிக்கவில்லையா?

நல்ல கேள்வி. பிராம் ஸ்டோக்கர் 1897ல் எழுதிய நாவலில் ட்ராகுலா பகலில் லண்டன் தெருவில் நடக்கிறார். பகலில் அவருடைய சக்தி குறையும், அவ்வளவுதான். வெயிலில் அழிவது 1922ல் ஜெர்மனியில் முர்னாவ் எடுத்த 'நோஸ்ஃபெராட்டு' என்ற ஊமைப்படத்திலிருந்து வந்தது. நாவலுக்கு உரிமை வாங்காமல், பெயர்களை மட்டும் மாற்றி எடுத்த படம். ஸ்டோக்கரின் மனைவி ஃப்ளாரன்ஸ் வழக்குப் போட்டு வென்றார். 1925ல் எல்லாப் பிரதிகளையும் அழிக்க உத்தரவானது. சில பிரதிகள் தப்பிவிட்டன. இன்று வெயிலைக் கண்டு ஓடும் ரத்தக் காட்டேரிகள் எல்லாம் அந்தத் திருட்டுப் படத்தின் பிள்ளைகள்.

கூடவே இதையும் சொல்லிவிடுகிறேன், மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள்: ஃப்ராங்கன்ஸ்டைன் என்பது பேயின் பெயர் அல்ல, அந்த உருவத்தைச் செய்தவனின் பெயர். உருவத்துக்குப் பெயரே கிடையாது.

சேலம்: என் மகனுக்கு 5 வயது. காஞ்சனா படத்தை விரும்பிப் பார்க்கிறான். இதே மாதிரி வேறு சொல்லுங்களேன்.

சொல்லமாட்டேன். பகலில் சிரித்துக்கொண்டு பார்ப்பான். ராத்திரி பாத்ரூமுக்குத் தனியாகப் போகமாட்டான், அதை உங்களிடம் சொல்லவும் தெரியாது. வேதாளம் கதை சொல்லுங்கள். தலைகீழாகத் தொங்கினாலும் ஒவ்வொரு கதை முடிவிலும் கேள்வி கேட்கிற பேய் அது, பையனும் பதில் யோசிப்பான்.

மதுரை, விடுதி மாணவி: தூக்கத்தில் ஏதோ நெஞ்சில் ஏறி அமுக்குகிறது, கண் திறந்திருந்தும் கை கால் அசைக்க முடியவில்லை. எந்த வகைப் பேய் இது?

ஊரில் அமுக்குவான் பேய் என்பார்கள். அம்மா, இது என் துறை அல்ல. கனவு காணும் தூக்கத்தில் உடம்பு தசைகளைத் தளர்த்திப் பூட்டி வைக்கிறது, கனவில் ஓடும்போது நிஜமாக எழுந்து ஓடாமல் இருப்பதற்காக. மூளை முந்திக்கொண்டு விழித்து, பூட்டு திறக்கத் தாமதமானால் நீங்கள் சொல்வது நடக்கும். தூக்கம் கெட்டால், மல்லாந்து படுத்தால் அதிகம் வரும். தேர்வுக்காக ராத்திரி முழுக்கக் கண்விழிக்கிறீர்களா? அடிக்கடி வந்தால் மருத்துவரிடம் போங்கள். தாயத்து வேண்டாம்.

ஈரோடு: ரொம்ப ரொம்பப் பயமான படம் எது?

உங்களுக்கு எதைக் கண்டால் பயம் என்று எனக்கு எப்படித் தெரியும்?

கோவை: உண்மைச் சம்பவத்தை வைத்து எடுத்த படங்களின் பட்டியல் வேண்டும்.

அந்த வார்த்தையைப் போஸ்டரில் பார்த்தால் பர்ஸைப் பிடித்துக்கொள்ளுங்கள். 1974ல் வந்த 'டெக்ஸஸ் செயின்சா மசாகர்' உண்மைக் கதை என்று விளம்பரம் செய்தார்கள். படத்தில் வருவது போல ரம்பத்தால் ஆட்களைக் கொல்லும் ஒரு குடும்பம் டெக்ஸஸில் இல்லை. விஸ்கான்சினில் பிடிபட்ட எட் கீன் என்ற ஒரு கொலைகாரனிடமிருந்து சில விவரங்களை எடுத்துக்கொண்டார்கள், அவன் கையில் ரம்பமும் இல்லை. 1999ல் 'பிளேர் விட்ச் ப்ராஜெக்ட்' வந்தபோது நடித்த மூவரும் நிஜமாகவே காணாமல் போனவர்கள் என்று இணையதளம் நடத்தினார்கள், காணவில்லை நோட்டீஸ் கூட ஒட்டினார்கள். விளம்பரமாக நான் ரசித்தேன். நம்பினால் மட்டும் பிரச்சினை.

புதுச்சேரி: 'ரிங்கு' படத்தில் கிணற்றிலிருந்து வரும் பெண்ணின் நடை ஏன் அப்படி வயிற்றைப் பிசைகிறது?

இதைத்தான் நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். 1998ல் ஹிடேயோ நகாடா எடுத்த ஜப்பானியப் படம், கோஜி சுசுகியின் நாவல் மூலம். நடிகையைப் பின்னோக்கி நடக்கச் சொல்லிப் படம்பிடித்து, பிறகு சுருளைத் திருப்பி ஓட்டினார்கள். திரையில் அவள் முன்னோக்கித்தான் வருகிறாள். ஆனால் உடம்பின் எடை தப்பான இடத்தில் விழுகிறது. நம் கண்ணுக்கு என்ன தப்பு என்று பிடிபடாது, தப்பு என்று மட்டும் தெரியும். கிராபிக்ஸ் செலவு எதுவும் இல்லாத தந்திரம்.

வெள்ளை உடையும் விரிந்த கூந்தலும் சினிமா கண்டுபிடித்தது அல்ல. ஜப்பானில் பிணத்துக்கு வெள்ளைதான் உடுத்துவார்கள். கணவன் வஞ்சித்த ஓய்வா என்ற பெண்ணின் ஆவியை 1825லேயே அங்கே கபுகி நாடக மேடையில் ஏற்றிவிட்டார்கள்.

தஞ்சாவூர்: தமிழ்ப் பேய்ப்படங்கள் ஏன் பயமுறுத்துவதில்லை? காமெடி கலப்பதாலா?

காமெடி மேல் எனக்குக் கோபம் இல்லை. கலிங்கத்துப் பரணியில் பேய்கள் பசி தாங்காமல் காளியிடம் முறையிடுகின்றன, கடைசியில் போர்க்களத்தில் கூழ் காய்ச்சிக் குடிக்கின்றன. சிரிக்காமல் படிக்க முடியாது. பேயை வைத்துச் சிரிப்பது நமக்கு 900 வருஷப் பழக்கம்.

என் கோபம் ஃபிளாஷ்பேக் மேல். இடைவேளைவரை கதவு தானாகத் திறக்கிறது, ஊஞ்சல் ஆடுகிறது, நன்றாகத்தான் போகிறது. இடைவேளைக்குப் பிறகு அந்தப் பேய் உயிரோடு இருந்தபோது எவ்வளவு நல்ல பெண், யார் நிலத்தைப் பிடுங்கினான், எப்படிக் கொன்றான் என்று அரை மணி நேரம், ஒரு பாட்டோடு. அதன் பிறகு நாம் பேயின் கட்சி. நம் கட்சிக்காரரைக் கண்டு யார் பயப்படுவார்கள்?

1985ல் 'யார்' படத்தை டூரிங் கொட்டகையில் பார்த்துவிட்டு, புளியமரத்தடி வழியாக வீட்டுக்கு ஓடியவன் நான். மறுநாள் யோசித்துப் பார்த்தபோது, எனக்குப் புரிந்த காட்சி எதுவும் என்னைத் துரத்தவில்லை.

நாகர்கோவில்: தம்பி, நீங்கள் சொல்வது வெள்ளைக்காரன் பேய். எங்கள் ஊரில் பேய் என்றால் அநியாயமாகச் செத்த நம் வீட்டுப் பிள்ளை. அதற்கு ஒரு கதை உண்டு, கேட்க நாலு பேர் வேண்டும். ஃபிளாஷ்பேக் இல்லை என்றால் அது தமிழ்ப் பேயே கிடையாது.

அண்ணாச்சி, கும்பிடுகிற சாமிக்குக் கதை வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். நான் பேசுவது பயம் பற்றி. இரக்கம் உள்ளே வந்தால் பயம் வெளியே போய்விடும்.

நாகர்கோவில் (மறுபடியும்): அப்படியா? நீலி கதை தெரியுமா உங்களுக்கு? முப்பந்தல் பக்கம் வந்து கேளுங்கள். கோயில் கொடைத் திருவிழாவில் வில்லுப்பாட்டுப் பாடும்போது அவள் ஏன் வந்தாள் என்று கூட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். அவளுக்காக அழுகிற கிழவியே பேரப்பிள்ளையையும் இழுத்து மடியில் வைத்துக்கொள்கிறாள். இரக்கம், பயம் இரண்டும் ஒரே மடியில். என்ன சொல்கிறீர்கள்?

இதற்கு ஒருநாள் முழுக்க யோசித்தேன். தெரியாதவர்களுக்காகக் கதைச் சுருக்கம்: கணவனால் கொல்லப்பட்டவள் பேயாகிறாள். அவன் மறுபிறவியில் வணிகனாகப் பழையனூர் வழியாகப் போகிறான். அவள் கள்ளிக்கொப்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "என் புருஷன் என்னைக் கைவிட்டுப் போகிறான்" என்று ஊர்ப் பெரியவர்களிடம் அழுகிறாள். நீலிக் கண்ணீர் என்கிறோமே, இதுதான். இவள் பேய் என்று அவன் கதறுகிறான். 70 வேளாளர்கள் அவனுடைய கத்தியை வாங்கி வைத்துக்கொண்டு, "உன் உயிருக்கு ஏதாவது ஆனால் எங்கள் உயிர்" என்று வாக்குக் கொடுத்து இருவரையும் ராத்திரி தங்க வைக்கிறார்கள். விடியும்போது அவன் பிணம். 70 பேரும் தீயில் இறங்குகிறார்கள்.

அண்ணாச்சி சொல்வது சரி. இங்கே இரக்கமும் இருக்கிறது, வயிறும் கலங்குகிறது. ஆனால் கவனியுங்கள், நீலி கதையில் ஃபிளாஷ்பேக் முதலிலேயே வந்துவிடுகிறது. அவள் யார் என்று நமக்குத் தெரியும், அந்த 70 பேருக்குத் தெரியாது. அவர்கள் கத்தியை வாங்கும்போது "வேண்டாம், கொடுக்காதே" என்று நம் கை பதறுகிறது. நம் சினிமா அதே கதையை எடுத்து, காரணத்தை இடைவேளைக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துவிட்டது. அங்கே அது வெறும் விளக்கம். ஆகவே என் கட்சியைத் திருத்திக்கொள்கிறேன்: ஃபிளாஷ்பேக் தப்பில்லை, இருக்கிற இடம் தப்பு.

திருவள்ளூர்: நீலி எங்கள் ஊர்க்காரி. பழையனூர் திருவாலங்காட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. முப்பந்தல் எங்கே வந்தது?

வந்துவிட்டீர்களா! ஒருத்தி வஞ்சித்து உயிர் வாங்கியதைக் கேட்டு அஞ்சும் பழையனூர் என்று சம்பந்தர் தேவாரமே பாடுகிறது, அதனால் உங்கள் பட்டா பழையது. தெற்கே முப்பந்தலில் அவள் இசக்கியம்மன் என்ற சாமியாகிக் குழந்தையோடு நிற்கிறாள். இரண்டு ஊரும் வைத்துக்கொள்ளுங்கள், பேய்க்கு ரேஷன் கார்டு கிடையாது.

விழுப்புரம்: என்னிடம் ஒரு பேய்க்கதை இருக்கிறது. தயாரிப்பாளர் யாரையாவது...

எனக்கு யாரையும் தெரியாது. இடைவேளைக்குப் பின்னால் ஃபிளாஷ்பேக் இருந்தால் முன்னால் கொண்டுவந்து பாருங்கள்.

காரைக்குடி: பேய்ப்படம் பார்க்கும்போது பயத்தைக் குறைக்க வழி?

சத்தத்தை நிறுத்துங்கள். முக்கால்வாசிப் பேய் செத்துவிடும்.

ஓசூர்: என் பெண்ணுக்கு 6 வயது, பயப்படவே மாட்டாள்...

சேலத்துக்குச் சொன்னதேதான் உங்களுக்கும்.

நாமக்கல்: பேய் இருக்கிறதா இல்லையா, ஒரே வார்த்தையில்?

திருச்சிக்காரருக்கு ஒரே வார்த்தையில்தான் சொன்னேன்.

நாகர்கோவில்: சரி தம்பி, ஆடியில் எங்கள் ஊரில் கொடை. வில்லுப்பாட்டு விடிய விடிய நடக்கும். வாருங்கள், நேரிலேயே கேட்கலாம்.

கட்டாயம் வருகிறேன், அண்ணாச்சி. ராத்திரி உங்கள் வீட்டிலேயே ஒரு பாய் போட்டுக் கொடுங்கள். மண்டபத்தில் மட்டும் தங்க வைத்துவிடாதீர்கள்.