3 அடித் தொட்டியில் எந்தச் சுறாவை வளர்க்கலாம்?

கடையில் 'ஷார்க்' என்று விற்பவை பெரும்பாலும் சுறாவே அல்ல. கெண்டை, கெளுத்தி வகைகள். முதுகுத் துடுப்பின் சாயலால் வந்த பெயர்.

உங்கள் தொட்டிக்கு ரெட் டெயில் ஷார்க் சரிப்படும். கரிய உடல், சிவந்த வால், 12–15 செ.மீ. வளரும். ஒன்றே ஒன்று விடுங்கள். இரண்டு விட்டால் ஒன்று மற்றதை ஓட ஓட விரட்டும். உடைந்த மண்சட்டி ஒன்றைக் கவிழ்த்து வையுங்கள், அதைத் தன் வீடாக்கிக்கொண்டு காவல் காக்கும்.

வெள்ளியாய் மின்னும் பாலா ஷார்க் குட்டியைப் பார்த்து மயங்காதீர்கள், ஓரடி வளரும். இரிடசன்ட் ஷார்க் இன்னும் மோசம்: ஓட்டல்களில் 'பாசா' என்று தட்டுக்கு வருகிற அதே மீன்தான், 1 மீட்டரைத் தாண்டும்!

நிஜச் சுறாதான் வேண்டுமா? மூங்கில் சுறா இருக்கிறது. ஆனால் கடல்நீர், மணல் தரை, சில ஆயிரம் லிட்டர் தொட்டி எல்லாம் வேண்டும்.