"நெஞ்சுக்குள்ள யாரோ தட்டுறாங்க"ன்னு அண்ணன் சொல்றான்

கேள்வி: டாக்டர், எங்க அண்ணனுக்கு 38 வயசு. 11 வருஷமா மனச்சிதைவு நோய் இருக்கு. ஓலான்சபின் மாத்திரை ஆரம்பிச்சப்புறம் காதுல குரல் கேக்குறது நின்னுடுச்சு, ஆனா 60 கிலோ இருந்தவன் இப்ப 88. ராத்திரி 11 மணிக்கு எழுந்து போய் மிச்ச சோத்தை நின்னுக்கிட்டே சாப்பிடுறான். மாடி ஏறினா மூச்சு வாங்குது. பீடியும் நிறைய. ஒரு மாசமா "நெஞ்சுக்குள்ள யாரோ தட்டுறாங்க"ன்னு சொல்றான். நோய் திரும்பிடுச்சுன்னு அம்மா பயப்படுறாங்க. மாத்திரையை நிறுத்திப் பாக்கலாமா?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: வேண்டாம்மா, மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க, நிறுத்தினா குரல் திரும்ப வரலாம். ஆனா இந்த வாரத்துக்குள்ள ஒரு ஈசிஜி எடுத்துடுங்க. தட்டுறாங்கன்னு அண்ணன் சொல்றது நிஜமாவே இதயம் படபடன்னு அடிக்கிறதா இருக்கலாம், அதைச் சொல்ல அவருகிட்ட இருக்குற வார்த்தை அதுதான்.

நானே இதுல தப்பு பண்ணியிருக்கேன். ஒரு பெரியவர் "நெஞ்சுல ஆணி அடிக்கிறாங்க டாக்டர்"னு வந்து உக்காந்தாரு, பழைய சீட்டைப் புரட்டிப் பாத்துட்டு நோய் ஏறியிருக்குன்னு மாத்திரையைக் கூட்டி எழுதிட்டேன். பக்கத்துல இருந்த நர்ஸம்மாதான் "ஐயா, அவருக்கு வேர்த்துக் கொட்டுது பாருங்க"ன்னாங்க, ஈசிஜி எடுத்தா ஹார்ட் அட்டாக். பொழச்சுட்டாரு. அன்னைலேர்ந்து யாரு நெஞ்சுன்னு சொன்னாலும் முதல்ல பல்ஸைத்தான் பிடிக்கிறேன்.

இந்த நோய் உள்ளவங்க மத்தவங்களைவிட 10, 15 வருஷம், சில இடத்துல அதுக்கும் மேல, சீக்கிரமா இறந்துடுறாங்க. தற்கொலைதான் காரணம்னு பல பேர் நெனைக்கிறாங்க, அதுவும் உண்டு, ஆனா அதிகமா உயிரைக் கொண்டு போறது மாரடைப்பு மாதிரி உடம்பு வியாதிங்கதான். ஓலான்சபின் பசியைக் கிளப்பிவிடும், எடை, சுகர், கொழுப்பு மூணும் ஏறும். அந்த 11 மணி சோத்துக்காக அவரைத் திட்டாதீங்க, அது மருந்து குடுக்குற பசி. வீட்டுல சுண்டல், வெள்ளரிக்காய், மோர் வெச்சிருங்க.

மருந்து ஆரம்பிக்கும்போதே எடை, இடுப்பளவு, பிபி, வெறும் வயித்துல சுகர், கொழுப்பு எல்லாம் பாத்து எழுதி வெக்கணும். எடையை 4, 8, 12 வாரத்துல திரும்பப் பாக்கணும், சுகர், பிபி, கொழுப்பு 12 வாரத்துல ஒருதடவை, அப்புறம் வருஷா வருஷம். இடுப்பு ஆம்பளைங்களுக்கு 90, பொம்பளைங்களுக்கு 80 சென்டிமீட்டர் தாண்டினா எச்சரிக்கை. நிறைய இடத்துல இதெல்லாம் நடக்கிறதில்லை, மனநல டாக்டர் இதயத்தை ஹார்ட் டாக்டர் பாத்துப்பாருன்னு விட்டுடுறாரு, அங்க போனா அவரு "இது உங்க மனநோய்"னு திருப்பி அனுப்பிடுறாரு, நடுவுல மாட்டுறது உங்க அண்ணன். அதனால ஒரு 40 பக்க நோட்டு வாங்கி இந்த நம்பரையெல்லாம் நீங்களே எழுதுங்க, எந்த டாக்டர்கிட்ட போனாலும் அதை மேசைல வைங்க. மருந்தை மாத்துறதுக்கோ, மெட்ஃபார்மின்ங்கிற சுகர் மாத்திரையை எடைக்காகச் சேர்க்குறதுக்கோ டாக்டர் யோசிக்கணும்னா, உங்க நோட்டுல 28 கிலோ ஏறினது இருக்கே, அது போதும்.

பீடியை விட்டா நல்லது, ஆனா திடீர்னு விடும்போது டாக்டர்கிட்ட சொல்லணும். புகை ஓலான்சபினையும், இதே நோய்க்குக் குடுக்குற க்ளோசபினையும் உடம்புல சீக்கிரம் கரைச்சுடும், புகை நின்னா அதே டோஸ் அதிகமாகி தூக்கம், மயக்கம் வரும். க்ளோசபின் புதுசா ஆரம்பிச்சிருக்குற வேற வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: முதல் ஒன்னு ரெண்டு மாசத்துல ஜுரம், நெஞ்சுவலி, வேகமான துடிப்பு, மூச்சுத்திணறல் வந்தா காத்திருக்காதீங்க, இதயத்தசை வீங்கியிருக்கலாம், அன்னைக்கே ஆஸ்பத்திரி.

அண்ணனுக்கு நெஞ்சு அழுத்தமோ, இடது கை, தாடை வலியோ, வேர்வையோ வந்தா 108. இவங்களுக்கு சில சமயம் வலியே அவ்வளவா தெரியாது, சொல்லவும் மாட்டாங்க. ஈசிஜி எடுக்கப் போறப்ப "அண்ணன் யாரோ தட்டுறாங்கன்னு சொல்றாரு"ன்னு அவரோட வார்த்தையை அப்படியே டாக்டர்கிட்ட சொல்லுங்க, எப்ப, எத்தனை நிமிஷம், மாடி ஏறினப்பவா படுத்திருந்தப்பவான்னும் சேத்து.