வெயிலில் வாடும் சோலார் செல்

கேள்வி: பெரோவ்ஸ்கைட் சோலார் செல் வெளிச்சம் பட்டாலே கெட்டுப்போகும் என்கிறார்களே, வெயிலில் வைக்கத்தானே அதைச் செய்கிறார்கள்?

பதில்: நியாயமான கேள்வி. பெரோவ்ஸ்கைட் என்பது வெளிச்சத்தை உள்வாங்கி மின்சாரமாக்க உதவும் ஒரு வகைப் படிகம். 2009இல் ஜப்பானில் மியாசகா என்ற விஞ்ஞானியின் குழு செய்த செல், விழும் ஒளியில் மின்சாரமாக்கியது 3.8 சதவீதம்தான், இன்று ஆய்வகத்தில் 26ஐத் தாண்டிவிட்டது. ஆயுள்தான் அந்த வேகத்தில் வளரவில்லை. இந்தப் படிகத்தில் அயனிகள், அதாவது மின்னூட்டம் கொண்ட துகள்கள், இடம் மாறிக்கொண்டே இருக்கும். அயோடைடு, புரோமைடு என்ற இரண்டு அயனிகளும் கலந்த படலத்தில், குறிப்பாக புரோமைடு அதிகமென்றால், வெளிச்சம் விழுந்த சில நிமிடங்களிலேயே இரண்டும் தனித்தனியாகப் பிரிந்து, அயோடைடு திரண்ட இடங்களில் மின்னூட்டங்கள் போய்ச் சிக்கிக்கொள்வதால் மின்னழுத்தம் குறைகிறது. இருட்டில் வைத்தால் மறுபடி கலந்துவிடும், அதுதான் ஆச்சரியம்! அதனால் விளக்கை அணைக்காமல் சோதித்தால் மட்டும் போதாது, பகல் இரவு மாதிரி மாற்றி மாற்றியும் சோதிக்க வேண்டும்.

வெளிச்சத்தோடு ஆக்சிஜனும் சேர்ந்தால் கதை வேறு. மெத்தில்அம்மோனியம் என்ற கரிம அயனி உள்ள வகை சிதைந்து ஈய அயோடைடாகிவிடும். கருப்புப் படலம் மஞ்சளாவது கண்ணுக்கே தெரியும், அது திரும்பாது. சீசியம் சேர்ப்பது, காற்றுப் புகாமல் கண்ணாடிக்குள் மூடுவது எல்லாம் நிறையவே உதவுகின்றன. ஆனாலும் சிலிக்கான் பேனலுக்கு 25 வருட உத்தரவாதம் கிடைக்கும்போது, இதை நம்பிக் கூரையில் போடச் சொல்ல எனக்கு இப்போதைக்கு மனசு வரவில்லை.