கோல்பேர் கட்சி மாறவில்லை

அமெரிக்க நகைச்சுவையாளர் ஸ்டீபன் கோல்பேர் ஒரு பழைய கிளிப்பில் அதிபராக இருந்த புஷ்ஷைப் புகழ்கிறாரே, பிறகு கட்சி மாறிவிட்டாரா என்று கேட்டீர்கள். இல்லைங்க, அவர் கட்சி மாறவே இல்லை. அந்தக் கிளிப்பில் புஷ்ஷைப் புகழ்வது அவர் போட்ட வேஷம். 2005 முதல் 2014 வரை காமெடி சென்ட்ரல் சேனலில் வந்த ‘கோல்பேர் ரிப்போர்ட்’டில், வலதுசாரி டிவி விமர்சகர்களைக் கிண்டலடிக்க, தன் பெயரிலேயே ஒரு வீராப்புப் பேர்வழியாக நடித்தார்.

துண்டாக வெட்டிய கிளிப்பைப் பார்த்ததால் குழம்பியிருப்பீர்கள்.

அந்த நிகழ்ச்சியின் ‘தி வேர்ட்’ பகுதியைப் போட்டுப் பாருங்கள், அவர் பாட்டுக்கு முழங்கிக்கொண்டிருக்க, திரையின் வலப்பக்கம் வரும் எழுத்து அவர் காலையே வாரிவிடும்.

ஆனால் ஒரு கிளிப்பில் இருப்பது வேஷமா, நிஜமா என்று தேதியை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். 2016 ஜூலையில், வேஷமில்லாமல் அவர் நடத்திய ‘லேட் ஷோ’விலேயே அந்த வேஷம் திரும்ப வந்தது, அந்த வேஷத்தின் உரிமை யாருடையது என்ற பிரச்சினையை வக்கீல்கள் கிளப்பியதும் அதே முகத்தோடு ஒரு ‘ஒன்றுவிட்ட சகோதரனை’ இறக்கினார், குறும்புக்காரர்!