நம்புவதற்காக எழுதப்பட்டவை – ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணன்,

எனக்குச் சொந்த ஊர் தங்கச்சிமடம். அப்பா நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறவர். நான் சென்னையில் முதுகலை வரலாறு படிக்கிறேன். சின்ன வயதிலிருந்து எங்கள் கோவிலில் வாசகம் வாசித்து வந்தவன். பாஸ்கா திருவிழிப்பில், அதாவது உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தின இரவு வழிபாட்டில், ஒரு வருஷம் மத்தேயு, மறு வருஷம் மாற்கு, அதற்கடுத்து லூக்கா என்று நற்செய்தி சுற்றில் வரும். அப்போது உறுத்தாதது இப்போது உறுத்துகிறது. உயிர்த்த இயேசுவின் கல்லறையில் இருந்த வானதூதர் ஒருவரா, இரண்டு பேரா? போன பெண்கள் யார் யார்? யோவானையும் சேர்த்து நற்செய்தி எழுதிய நான்கு பேர் நான்கு விதமாகச் சொல்கிறார்கள்.

இதைவிடப் பெரிய சங்கடம், 'நீங்கள் நம்புவதற்காகவே இவை எழுதப்பட்டுள்ளன' என்று யோவான் தன் 20ஆம் அதிகாரத்தின் முடிவில் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறார். நோக்கத்தோடு எழுதிய ஆவணத்தைச் சந்தேகப்படத்தான் எங்களுக்கு முதலில் சொல்லித்தருகிறார்கள். அப்படியானால் இது சாட்சியமா, பிரச்சாரமா? அப்பாவிடம் கேட்டேன். "ஒனக்குப் படிப்பு ஏறிப்போச்சு" என்று சொல்லிவிட்டு வலையைப் பார்க்கப் போய்விட்டார். இந்த வருஷம் வாசகம் வாசிக்க மனம் வரவில்லை.

(பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள தம்பி,

உங்களுக்குச் சொல்லித்தருவது சரிதான். நோக்கம் உள்ள ஆவணத்தைச் சந்தேகப்படத்தான் வேண்டும். ஆனால் அதோடு பாடம் முடியவில்லையே. எழுதியவர் தன் நோக்கத்துக்கு இடைஞ்சலான செய்திகளை என்ன செய்திருக்கிறார் என்றும் பார்க்க வேண்டும். மறைத்தாரா, மழுப்பினாரா, அப்படியே விட்டுவைத்தாரா?

மாற்குவை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கில் முந்தியது அதுதான், கி.பி. 70ஐ ஒட்டி எழுதப்பட்டது என்று பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய், வத்திக்கான் கையெழுத்துப் பிரதிகள் இரண்டிலும் அந்த நற்செய்தி 16ஆம் அதிகாரம் 8ஆம் வசனத்தோடு நின்றுவிடுகிறது. பெண்கள் கல்லறையை விட்டு நடுக்கத்தோடு ஓடினார்கள், பயத்தில் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அவ்வளவுதான், முற்றும். உயிர்த்தவரை ஒருவரும் பார்ப்பதில்லை. உங்கள் விவிலியத்தில் அதற்குப் பிறகு இருக்கும் வசனங்கள் பின்னால் சேர்ந்தவை. ஆள் சேர்க்க எழுதுகிறவன் இப்படியா முடிப்பான்?

மத்தேயுவின் கடைசிக் காட்சி கலிலேயாவில் ஒரு மலை. பதினொரு சீடர்கள் உயிர்த்த இயேசுவை நேரில் பார்க்கிறார்கள், பணிகிறார்கள். 'சிலரோ ஐயுற்றனர்' என்று அதே வரியில் எழுதுகிறார் மத்தேயு. அந்த இரண்டு வார்த்தையை விட்டிருந்தால் கேட்க யாரும் இல்லை. அப்புறம் சீடர்களில் முதல்வரான பேதுரு. நற்செய்திகள் எழுதப்பட்ட காலத்தில் அவர் திருச்சபையின் பெரிய பெயர், ரோமில் உயிரைக் கொடுத்தவர். ஒரு பணிப்பெண் கேட்டதற்கு 'அந்த ஆளைத் தெரியாது' என்று அவர் சொன்ன கதையை நான்கு பேரும் எழுதியிருக்கிறார்கள். தலைவரைப் பற்றி எழுதும் நம்முடைய விழா மலர்களை நினைத்துப்பாருங்கள்.

நான்கும் ஒத்துப்போகவில்லை என்பது நீங்கள் புதிதாகக் கண்டுபிடித்த விஷயம் கிடையாது. கி.பி. 170 வாக்கில் தாத்தியான் என்பவர் நான்கையும் பின்னி ஒரே நூலாக்கினார். நெருடல் இல்லாத, வாசிக்கச் சுகமான நூல். சிரியா பக்கத்துச் சபைகள் தலைமுறை தலைமுறையாக அதைத்தான் வாசித்தன. ஐந்தாம் நூற்றாண்டில் சீர் நகரத்து ஆயர் தியோதொரேத்து தன் பகுதியிலிருந்து அந்த நூலின் 200க்கும் மேற்பட்ட பிரதிகளை அகற்றிவிட்டு, பழையபடி நான்கு நற்செய்திகளையும் வைத்தார். தாத்தியான் மேல் வேறு குற்றச்சாட்டுகளும் இருந்தன, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் ஒத்துப்போகிற ஒரே கதை கையில் இருந்தும், ஒத்துப்போகாத நான்கைத்தான் திருச்சபை தேர்ந்துகொண்டது. ஒரு வானதூதரா இரண்டா என்பது அன்றைக்கு அவர்களுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

அப்படியானால் 'நம்புவதற்காக' என்று யோவான் சொல்வது எதை? நடந்தது இதுதான் என்று நிரூபித்து, உங்களை வாயடைக்க வைப்பதை அவர் சொல்லவில்லை என்பது என் வாசிப்பு. அந்த வரிக்குச் சற்று முன்னால் வருகிறவர் சீடர் தோமா. காயத்தைத் தொட்டால்தான் ஆயிற்று என்றவர். அவருக்குக் காட்சி கிடைத்துவிட்டது. அடுத்ததாக, காணாமலே நம்புவோர் பேறுபெற்றோர் என்று இயேசு சொல்கிறார். அதற்கு அடுத்த வரி, இவை எழுதப்பட்டதன் காரணம். வரிசையைக் கவனியுங்கள். உயிர்த்த இயேசு தோமாவுக்குக் காட்சி தந்த அந்த அறையில் இல்லாமல் போனவர்களுக்காக எழுதுகிறார் யோவான். பார்த்தவர்களுக்கு வாய்த்ததே, அந்த மனிதரை எதிர்கொண்டு ஏற்கவோ மறுக்கவோ ஒரு வாய்ப்பு, அது பின்னால் வருகிறவர்களுக்கும் வாய்க்க வேண்டும். பார்த்தவர்களே தடுமாறினார்கள் என்பதை அதனால்தான் மறைக்க முடியவில்லை.

உங்கள் அப்பாவுக்கு இது வேறு வழியில் தெரிந்திருக்கும். யோவான் 21 எங்கள் பக்கம் வாசிக்கப்படும்போது ஆண்கள் பகுதியில் இருமல்கூடக் கேட்காது. உயிர்த்த ஆண்டவரைப் பார்த்த பிறகும் பேதுரு என்ன செய்கிறார்? மீன்பிடிக்கப் போகிறேன் என்று கிளம்புகிறார். விடிய விடிய வலை போட்டும் மீன்பாடு இல்லை. கரையில் நிற்கிற யாரோ ஒருவர் வலப்பக்கம் போடச் சொல்கிறார். 153 பெரிய மீன். லூக்கா 5இல் இதுபோன்ற ஒரு மீன்பாட்டில் வலை கிழியத் தொடங்குகிறது, இங்கே கிழியவில்லை என்று யோவான் தனியாகக் குறிக்கிறார். வலை பொத்துகிறவர்களுக்கு அந்த வரி எவ்வளவு பெரியது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 153க்குப் பெரிய விளக்கங்கள் உண்டு. ஒன்றிலிருந்து பதினேழு வரை கூட்டினால் 153 வரும் என்று திருச்சபையின் பழைய அறிஞர் அகுஸ்தினார் கணக்குப் போட்டார். பாம்பன் தெற்குவாடியில் ஒரு பெரியவரிடம் இதைச் சொன்னேன். "பங்கு பிரிக்கணும்ல, எண்ணாம எப்புடி?" என்றார். அகுஸ்தினாரை விட இவர்தான் எனக்குச் சரியாகப்படுகிறது.

கரைக்கு வந்தால் அங்கே கரி நெருப்பு மூட்டியிருக்கிறது. பேதுரு மறுதலித்த இரவில் தலைமைக் குருவின் முற்றத்தில் குளிர்காய்ந்ததும் கரி நெருப்பில்தான். யோவான் நற்செய்தியில் கரி நெருப்பு வருவது இந்த இரண்டு இடத்தில் மட்டும். அங்கே மூன்று முறை தெரியாது என்றவரிடம், இங்கே மூன்று முறை 'என்மீது அன்பு இருக்கிறதா' என்று கேட்கப்படுகிறது. பழைய தவற்றை ஒரு வார்த்தை சொல்லிக் காட்டவில்லை. இதை ஆதாரமாக எடுத்துப் போய் எந்த நீதிமன்றத்திலும் வைக்க முடியாது. ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்டவர்மேல் ஒருவனுக்கு நம்பிக்கை பிறக்குமா என்றால், பிறக்கும்.

அதற்காக நடந்ததோ இல்லையோ கதை நன்றாயிருந்தால் போதும் என்று சொல்கிறவன் இல்லை நான். கிறிஸ்து உயிர்த்தெழவில்லை என்றால் எங்கள் போதனை வீண் என்று திருத்தூதர் பவுலே எழுதிவிட்டார். வரலாறு ஒரு தூரம் வரை வரும். ரோமானிய ஆளுநர் பிலாத்துவின் ஆட்சியில் கிறிஸ்துவுக்கு மரண தண்டனை என்பதை ரோமானிய வரலாற்றாசிரியர் தாசித்துஸ் இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதியிருக்கிறார், அதுவும் கிறிஸ்தவர்களைத் திட்டிக்கொண்டே. கல்லறைக்குள் நடந்ததைச் சொல்ல வரலாற்றுக்கு வழியில்லை. அந்த இடத்தில் உங்கள் துறை கையை விரித்தால் அது நேர்மை. நற்செய்தியாளர்கள் பலவற்றிலிருந்து சிலவற்றைத் தெரிந்தெடுத்தார்கள், சுருக்கினார்கள், தங்கள் சபைகளின் நிலைக்கேற்ப விளக்கினார்கள், அப்படித்தான் உண்மையைச் சொன்னார்கள் என்று 1965இல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கமே ஆவணமாக வெளியிட்டிருக்கிறது. உங்கள் கேள்வியைக் கேட்டுத் திருச்சபை மயங்கி விழப்போவதில்லை.

நம் கரையையே பாருங்கள். மறைபரப்ப வந்த பிரான்சிஸ் சவேரியார் 1542இல் முத்துக்குளித்துறைக்கு, அதாவது தூத்துக்குடி பக்கத்துக் கடற்கரைக்கு வந்தார். விசுவாச அறிக்கையைத் தமிழில் மனப்பாடம் செய்ய வைத்து, ஒவ்வொரு பகுதிக்கும் 'நம்புகிறீர்களா?' என்று கேட்டதாகவும், சனங்கள் நெஞ்சின் மேல் கைகளைக் குறுக்காக வைத்து உரக்கப் பதில் சொன்னதாகவும் 1544இல் எழுதிய கடிதத்தில் சொல்கிறார். தமிழில் நற்செய்திகள் அச்சானது 1714இல், தரங்கம்பாடியில், அதுவும் சீர்திருத்தச் சபைக்காரரான சீகன்பால்கு கையால். இடைப்பட்ட காலத்தில் நம் பாட்டிமார்கள் கேட்டார்கள், ஒப்பித்தார்கள், தவக்காலத்தில் அழுது பாடினார்கள். 'போஞ்சு பிலாத்தின் அதிகாரத்தில் பாடுபட்டு' என்று ஒரு ரோமானிய அதிகாரியின் பெயரை எழுத்தறியாத பெண்கள் தினமும் சொன்னார்கள். நடந்த காரியம் என்ற பிடிமானம் அவர்களுக்கும் தேவைப்பட்டிருக்கிறது.

ஓரியூருக்கும் போயிருப்பீர்கள். அங்கே கொல்லப்பட்ட மறைசாட்சி அருளானந்தரின் இரத்தம் பட்டுச் சிவந்தது என்று மணலைப் பொட்டலம் கட்டிக் கொண்டுவருகிறோம். என் வீட்டிலும் இருக்கிறது. ஆனால் 1693 பிப்ரவரியில், தலை வெட்டப்படுவதற்கு முந்தின நாள், சிறையிலிருந்து கரியைக் கரைத்த மையில் அவர் கடிதம் எழுதினார். எனக்கு மணலைவிட அந்தக் கடிதம் பெரியது. மணல் நிரூபிக்கப் பார்க்கிறது. கடிதம் அந்த மனிதரை நம் முன்னால் கொண்டுவந்து நிறுத்துகிறது.

சரி, வாசகத்துக்கு வருவோம். மத்தேயுவின் மலையில் ஐயப்பட்ட அந்தச் சிலரை இயேசு தனியாகப் பிரித்து நிறுத்தவில்லை. போய்ச் சொல்லுங்கள் என்ற கட்டளை மற்றவர்களோடு சேர்த்து அவர்களுக்கும்தான். அதனால் ஊருக்குப் போங்கள். திருவிழிப்பில் விவிலியத்தின் விடுதலைப் பயணம் நூலில் 14ஆம் அதிகாரம், கடலைப் பிளக்கிற வாசகம், அதை மட்டும் எந்த வருஷமும் விடக்கூடாது என்பது முறை. நீளம் என்று ஆளாளுக்கு நழுவுவார்கள். பங்குத்தந்தையிடம் இப்போதே சொல்லி அதை உங்களுக்கு எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.