ஆப்ஜெக்டா, பைட்டா: ஸ்ட்ரீம் நிரலாக்கத்தில் எதைக் கற்பது?

அன்புள்ள மாணவருக்கு,

ஸ்ட்ரீமாக, அதாவது தொடர்ந்து ஓடிவரும் தரவாக, வருவதையெல்லாம் நீங்கள் பயன்படுத்தும் நூலகங்கள் (ஆயத்த நிரல் தொகுப்புகள்) ஆப்ஜெக்டாகவே, அதாவது பெயரிட்ட மதிப்புகள் கொண்ட முழு அலகாகவே, கையில் தந்துவிடும்போது, பைட் அளவில் நிரல் எழுதக் கற்பதற்கு நேரம் ஒதுக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒதுக்கத்தான் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பணிக்காலம் முழுவதும் நீங்கள் பைட்டுகளோடு மட்டுமே உழலப் போவதில்லை. ஆனால் பைட்டுகள் ஆப்ஜெக்டாக மாறும் எல்லையில் பிறக்கும் பிழைகளை, அந்த எல்லையை அறியாதவரால் கண்டுபிடிக்க இயலாது.

வலையமைப்பில் இரு கணினிகளுக்கிடையே தரவைக் கொண்டுசெல்லும் டிசிபி (TCP) இணைப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். பைட்டுகள் வரிசை மாறாமல் போய்ச் சேர்வதை அது பார்த்துக்கொள்கிறது. ஒரு செய்தி எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பது அதற்குத் தெரியாது. நீங்கள் இருமுறை அனுப்பியது மறுமுனையில் ஒரே வாசிப்பில் சேர்ந்து வரலாம், ஒருமுறை அனுப்பியது பல துண்டுகளாகவும் வரலாம். சொந்தக் கணினியில் சோதிக்கும்போது பெரும்பாலும் முழுதாகவே வந்துவிடுவதால், பிழை வெளியே தெரியாமல் பயனர் கைக்குப் போன பிறகே தலைகாட்டுகிறது. ஒவ்வொரு செய்திக்கும் முன்னால் அதன் நீளத்தை எழுதி அனுப்புவது இதற்கு நெடுங்காலமாக உள்ள தீர்வு. அந்த நீளத்திலும் கவனம் வேண்டும்: 1000 என்ற எண்ணை இரண்டு பைட்டுகளில் 3, 232 என்று ஒருவர் எழுத, மற்றவர் வரிசையைத் திருப்பிப் படித்தால் 59395 கிடைக்கும்.

நம் எழுத்துகளிலும் இதே சிக்கல் உண்டு. எழுத்துகளைப் பைட்டுகளாகக் குறிக்கும் யூடிஎஃப்-8 (UTF-8) முறையில் ‘கி’ என்பது ககரமும் இகரக் குறியும் சேர்ந்து 6 பைட்டுகள். துண்டு நடுவில் முறிந்த நிலையில் அதை உடனே எழுத்தாக மாற்ற முயன்றால் திரையில் கேள்விக்குறிகளே மிஞ்சும். மீதி பைட்டுகள் வரும்வரை காத்திருக்கத் தெரிந்த நிரலே சரியான நிரல்.

ஆப்ஜெக்ட் முறை வசதியானது என்பதில் ஐயமில்லை. பெரும்பாலான பயன்பாட்டு நிரல்களுக்கு நான் அதையே பரிந்துரைப்பேன். ஆனாலும் அதன் விலையை அறிந்திருங்கள். ஜாவாஸ்கிரிப்ட் நிரலைச் சர்வரில் ஓட்டும் நோட்.ஜேஎஸ் (Node.js) தளத்தின் ஸ்ட்ரீமை ஆப்ஜெக்ட் முறையில் இயக்கும்போது, இடைநிறுத்த வரம்பு (எவ்வளவு தரவு தேங்கினால் வரத்தை நிறுத்தச் சொல்வது என்ற அளவு) பைட்டுகளில் அல்லாமல் எண்ணிக்கையில், இயல்பாக 16 ஆப்ஜெக்டுகள் என்று கணக்கிடப்படுகிறது. ஒவ்வொன்றும் சில மெகாபைட் இருந்தால் நினைவகம் நிரம்புவதை அந்த வரம்பு தடுக்காது. ஆப்ஜெக்டைப் பைட்டுகளாக்கி, பிறகு அவற்றிலிருந்து ஆப்ஜெக்டை மீட்கும் ஜாவாவின் சீரியலைசேஷனும் பைத்தானின் பிக்கிளும் இதைவிடக் கவலைக்குரியவை. நம்பகமற்ற இடத்திலிருந்து வந்த பைட்டுகளை அவற்றின் வழியே ஆப்ஜெக்டாக மீட்டால், தாக்குபவர் விரும்பும் நிரல் உங்கள் சர்வரில் ஓடக்கூடும். வெளியிலிருந்து வரும் தரவுக்கு ஜேசன் (JSON) அல்லது புரோட்டோகால் பஃபர்ஸ் போன்ற, தரவை மட்டுமே சுமக்கும் வடிவத்தைத் தேர்ந்து, படித்த ஒவ்வொரு மதிப்பையும் சரிபாருங்கள்.

வேலைவாய்ப்பைப் பொறுத்தவரை, எம்பெடெட் கருவிகள் (சாதனங்களுக்குள் பதிக்கப்பட்ட சிறு கணினிகள்), வலையமைப்பு மென்பொருள், தரவுத்தள எஞ்சின், ஒலி-ஒளிக் கோப்புச் செயலாக்கம் ஆகியவற்றில் ஆர்வம் இருந்தால் பைட் அறிவு அடிப்படைத் தகுதி. வலைச் செயலிகளும் தரவுப் பொறியியலும் உங்கள் இலக்கு என்றால் ஆப்ஜெக்ட் அளவிலேயே பெரும்பாலும் பணிபுரிவீர்கள். ஆயினும் நிரல்களுக்கிடையே தரவைக் கடத்தும் காஃப்கா போன்ற அமைப்புகூடச் செய்திகளைப் பைட்டுகளாகவே வைத்திருக்கிறது, அவற்றை எப்படி மாற்றுவது என்ற முடிவு உங்களிடமே விடப்படுகிறது.

அடுத்த விடுமுறையில், எந்த நூலகத்தின் துணையும் இன்றி, நீள முன்னொட்டுடன் செய்தி பரிமாறும் ஒரு சிறிய சர்வரையும் கிளையன்டையும் எழுதுங்கள். பிறகு ஒவ்வொரு பைட்டாகத் தனித்தனியே அனுப்பும் சோதனை ஒன்றையும், வேண்டுமென்றே தவறான நீளம் அனுப்பும் சோதனை ஒன்றையும் சேர்த்து, வலையமைப்பில் செல்லும் பைட்டுகளைக் காட்டும் வயர்ஷார்க் கருவியில் ஓட்டத்தைப் பாருங்கள். நேர்முகத்தில் திட்டப்பணியைப் பற்றிக் கேட்கும்போது, அந்த இரண்டு சோதனைகளில் என்ன உடைந்தது, எப்படிச் சரிசெய்தீர்கள் என்பதிலிருந்தே விளக்கத் தொடங்குங்கள்.