கேளுங்கள், சொல்கிறோம்: தொட்டியில் போட்ட பிளீச்சிங் கடைசிக் குழாய்க்கு வந்ததா?

சேலம் மாவட்டத்து வாசகர்கள் அனுப்பியிருக்கும் சுகாதாரப் பிரிவு தொடர்பான கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்கள்.

சில நாள் குழாயைத் திறந்தாலே பிளீச்சிங் நெடி மூக்கில் ஏறுகிறது. சில நாள் வாசனையே இல்லை. இதற்குக் கணக்கு ஏதும் கிடையாதா?
*ஓமலூர் வாசகர்*

கணக்கு உண்டு. அதைக் கெடுப்பது ‘கைப்பிடி’ அளவுதான். ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் என்பது வழக்கமான அளவு. அப்படியானால் 30,000 லிட்டர் தொட்டிக்கு 120 கிராம், ஒரு லட்சம் லிட்டர் தொட்டிக்கு 400 கிராம். பவுடரில் 25 முதல் 33 சதவீதம் குளோரின் இருந்தால்தான் இது பொருந்தும். ஈரத் தரையில் வாய் திறந்து கிடந்த மூட்டையில் அது 10 சதவீதத்துக்கும் இறங்கியிருக்கலாம். அதே 4 கிராமைப் போட்டாலும் லிட்டருக்கு 0.4 மில்லிகிராம் குளோரின்தான் சேரும். நல்ல பவுடர் 1 முதல் 1.3 மில்லிகிராம் வரை கொடுத்திருக்கும். எனவே மூட்டையைப் பலகை மேல் அடுக்கி, வாயைக் கட்டி, வெயில் படாமல் வைக்க வேண்டும். கட்டி தட்டிப்போன, நெடி இல்லாத பவுடரை வாங்கவே கூடாது.

போடும் முறையிலும் தவறு நடக்கிறது. பவுடரை அப்படியே தொட்டிக்குள் கொட்டக்கூடாது. பிளாஸ்டிக் வாளியில் கொஞ்சம் நீர் விட்டுக் கூழாகக் குழைத்து, பிறகு முக்கால் வாளி நீர் சேர்த்துக் கலக்கி, பத்து நிமிடம் அப்படியே விட்டுவிட வேண்டும். ஒரு வாளிக்கு 100 கிராமுக்கு மேல் வேண்டாம். சுண்ணாம்பு அடியில் தங்கிய பிறகு மேலே தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்ற வேண்டும். வண்டலையும் சேர்த்துக் கவிழ்த்தால் அது தொட்டியின் அடியில் இறுகிப் படியும். தொட்டி நிரம்பிக்கொண்டிருக்கும்போதே ஊற்றினால் நன்றாகக் கலக்கும். அதற்குப் பிறகு அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே வால்வைத் திறக்க வேண்டும். நேரமில்லை என்று உடனே திறந்துவிடும் நாட்களில்தான் முதல் தெருவுக்கு நெடி அடிக்கிறது, கடைசித் தெருவுக்கு வெறும் தண்ணீர் போகிறது.

எங்கள் தெருதான் குழாய் லைனில் கடைசி. பக்கத்தில் இரண்டு பேருக்கு மஞ்சள் காமாலை. தொட்டியில் மருந்து சரியாகப் போடுகிறோம் என்கிறார்கள். எதை நம்புவது?
*ஆத்தூர் வாசகி*

இரண்டுமே உண்மையாக இருக்கலாம். தொட்டியில் போட்டதை வைத்துக் கணக்கு முடிப்பதில் பயனில்லை. கடைசி வீட்டுக் குழாயில் எவ்வளவு குளோரின் மிச்சம் என்பதுதான் கேள்வி. சாதாரண நாட்களில் அங்கே லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். காமாலை போல வைரஸ் நோய் பரவும் நேரத்தில் 0.5 மில்லிகிராம் வேண்டும். இந்தியத் தர நிர்ணயமும் இதையே சொல்கிறது.

சோதிக்கும் கருவி குளோரோஸ்கோப். குழாயை ஒரு நிமிடம் ஓடவிட்டு, கண்ணாடிக் குழலில் குறி வரை நீர் பிடித்து, கருவியுடன் வரும் ஆர்த்தோடொலிடின் மருந்தைச் சொன்ன அளவு விட்டால் நீர் மஞ்சளாகும். பக்கத்தில் உள்ள நிற அட்டையோடு பத்து விநாடிக்குள் ஒப்பிட வேண்டும். தாமதித்தால் மற்ற குளோரின் சேர்மங்களும் நிறம் காட்டி, அளவு கூடுதலாகத் தெரியும். ஏமாற்றும் ‘நல்ல’ முடிவுகளில் பல இப்படி வருபவைதான். சோதித்த நீரைக் கீழே கொட்டிவிட்டுக் கையைக் கழுவுங்கள். சுகாதார ஆய்வாளரை உங்கள் குழாயிலேயே, தண்ணீர் விடும் நேரத்தில் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதில் தவறில்லை.

சோதனையில் முதல் தெரு நீர் மஞ்சளாகி, உங்கள் தெரு நீரில் நிறமே இல்லை என்றால் நடுவில் கசிவு இருக்கலாம். கூட்டுக் குடிநீர் சில நாட்களுக்கு ஒருமுறைதான் வரும் ஊர்களில் மற்ற நாட்களில் குழாய் காலியாகக் கிடக்கும். சாக்கடையை ஒட்டியோ அதற்குள்ளேயோ போகும் குழாயில் விரிசல் இருந்தால் அழுக்கு உள்ளே இறங்கும். வீட்டு மோட்டாரைக் குழாயில் நேரடியாக மாட்டி உறிஞ்சினால் இது இன்னும் வேகமாக நடக்கும். தெருவில் நாலு வீட்டில் மோட்டார் ஓடினால் ஐந்தாவது வீட்டுக்குச் சாக்கடை வரும் என்று சொன்னால் மிகையில்லை. கசிவை அடைக்காமல் தொட்டியில் பவுடரை மட்டும் இரட்டிப்பாக்குவது வீண். அடைக்கும் வரை குடிநீரைக் கொதிக்கவையுங்கள்.

வாரா வாரம் புகை அடிக்கிறார்கள், கொசு குறையவில்லையே?
*எடப்பாடி வாசகர்*

பறக்கும் கொசுவில் புகைத்துளி பட்டவை மட்டும் சாகும். புழுவுக்கும் முட்டைக்கும் ஒன்றும் ஆகாது. மறுநாளே புதுக் கொசு பறக்கும். டெங்கு நோயாளி இருக்கும் வீட்டைச் சுற்றி அடிப்பதற்குத்தான் புகைக்கு முழுப் பயன். அப்போதும் கதவு, ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும். எல்லோரும் செய்வது நேர்மாறாக.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏழு முதல் பத்து நாள் ஆகும். அதனால்தான் வீடு வீடாகக் கொசுப்புழு தேடும் டி.பி.சி. பணியாளர்கள் வாரம் ஒருமுறை வருகிறார்கள். தண்ணீரைக் கவிழ்த்தால் மட்டும் போதாது. முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் பல மாதம் உயிரோடு கிடக்கும், மறுபடி நீர் பட்டதும் பொரிக்கும். தேங்காய் நார் போட்டு உட்புறத்தை அழுத்தித் தேய்க்க வேண்டும்.

தேட வேண்டிய இடங்கள்: கழிவறைக்குள் உள்ள சிமெண்ட் தொட்டி, தண்ணீர் வராத நாளுக்காகப் பிடித்துவைக்கும் டிரம், மூடி உடைந்த சின்டெக்ஸ், ஃபிரிட்ஜின் பின்தட்டு, முற்றத்து ஆட்டுக்கல், தறிக்கூடத்துக்குப் பின்னால் கிடக்கும் டயர். டார்ச் அடித்துப் பார்க்கும்போது அவசரப்படாதீர்கள். நிழல் பட்டதும் புழு அடிக்குப் போய்விடும், மூச்சுக்கு மேலே வர ஓரிரு நிமிடம் ஆகும். கவிழ்க்க முடியாத தொட்டிக்கு அபேட் என்ற கொசுப்புழுக் கொல்லி மருந்தை ஊற்றுவார்கள். 50 சதவீத மருந்தானால் ஆயிரம் லிட்டருக்கு 2 மில்லி. 200 லிட்டர் டிரம்முக்கு அரை மில்லி கூட வராது என்பதால் நீர்த்துத்தான் விட முடியும். அதைப் பணியாளர்களிடமே விட்டுவிடுங்கள்.

எஸ்டேட் பக்கம் ஊற்றுத் தண்ணீர்தான் குடிக்கிறோம். மலையில் தண்ணீர் 100 டிகிரிக்கு முன்பே கொதித்துவிடுமாம். கிருமி சாகுமா?
*ஏற்காடு வாசகி*

சாகும். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். அங்கே நீர் 95 டிகிரியை ஒட்டிக் கொதிக்கும். நோய்க் கிருமிகளைக் கொல்ல அது தாராளம். தளதளவென்று கொதித்த பிறகு ஒரு நிமிடம் விடுங்கள். ஆனால் ஊற்றைத் திறந்த குழியாக விடாதீர்கள். கல் கட்டி, மூடி போட்டு, மேல்பக்கம் மழைநீர் விலகிப் போக வாய்க்கால் வெட்டுங்கள். ஊற்றுக்கு மேலே செப்டிக் டேங்கோ, காபிப் பழம் தோலுரித்த கழிவுநீர் தேங்கும் குழியோ இருக்கவே கூடாது. 5,000 லிட்டர் சம்புக்கு 20 கிராம் பவுடர் போதும். முதல் மழையில் நீர் கலங்கி வந்தால் தெளியவிட்டு, வடிகட்டிய பிறகே போடுங்கள். கலங்கல் குளோரினைத் தின்றுவிடும்.

செப்டிக் டேங்க் நிறைந்துவிட்டது. ஆள் இறக்கிச் சுத்தம் செய்தால் செலவு குறைவு என்கிறார்கள்.
*தாரமங்கலம் வாசகர்*

கூடவே கூடாது. மனிதக் கழிவை மனிதரே அகற்றுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம். இப்படி உயிரிழந்தால் 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் சொன்னது. உள்ளே இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு முதலில் அழுகிய முட்டை போல நாறும். செறிவு கூடினால் மூக்கே மரத்துப்போய் வாசனை தெரியாது. ‘நாற்றம் போய்விட்டது’ என்று இறங்கியவரும், அவரைத் தூக்க இறங்கியவரும் சேர்ந்தே போவது இதனால்தான். மெழுகுவர்த்தி இறக்கிப் பார்ப்பதும் ஆபத்து. மீத்தேன் பற்றிக்கொள்ளும்.

உரிமம் பெற்ற லாரியை அழையுங்கள். எங்கே கொட்டுகிறார்கள் என்றும் கேளுங்கள். சரபங்கா ஆற்றில் கொட்டினால் அது உங்கள் ஊர் வழியாகத்தான் போகும். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை எடுத்தால் அடியில் இறுகாது. ஆசிட், பினாயில் கொட்டினால் கழிவை மட்கவைக்கும் பாக்டீரியா செத்து, தொட்டி சீக்கிரமே நிறையும்.

குழந்தை பிறந்து ஒரு மாதம் ஆகிறது, பதிவு செய்யவில்லை.
*வாழப்பாடி வாசகர்*

21 நாளுக்குள் இலவசம், 30 நாள் வரை தாமதக் கட்டணம். அதைத் தாண்டினால் ஒரு வருடத்துக்குள் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். பெயர் இன்னும் வைக்கவில்லை என்று காத்திருக்காதீர்கள். பெயரைப் பிறகு சேர்க்கலாம், 12 மாதம் வரை அதற்கும் கட்டணமில்லை.

பெரிய ஆட்கள் வரும்போது சாலையோரம் வெள்ளைப் பொடி தூவுகிறார்களே, பயன் உண்டா?
*சங்ககிரி வாசகர்*

பார்வைக்கு உண்டு. அதில் பெரும்பகுதி சுண்ணாம்பு. பிளீச்சிங் கலந்திருந்தாலும் காய்ந்த மண்ணில், வெயிலில் கிடந்து வீணாகிவிடும். கொசுப்புழுவுக்கும் அது மருந்தல்ல. 25 கிலோ பிளீச்சிங் மூட்டை ஒன்று 62 லட்சத்து 50 ஆயிரம் லிட்டர் குடிநீருக்குப் போதும். ஒரு லட்சம் லிட்டர் தொட்டிக்கு 62 முறை போடலாம்.